சுண்ணாம்புச் சுவருக்கு உரிய கல்

ஆவணி முகூர்த்தங்களை முன்னிட்டுப் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலைகள் தொடங்கும் இந்நாட்களில், அன்னவாசல் போன்ற ஊர்களின் ஹார்டுவேர் கடைகளில் சுவர் வேலைக்கென அடுக்கப்படும் கருவிகள் பெரும்பாலும் சிமென்ட்டுக்கும் பட்டிக்கும் உரியவையாகவே இருப்பது வருத்தம் தருகிறது. கரணை, மணியாசுப் பலகை, ரசமட்டம், பட்டி இழுக்கும் தகடு ஆகியவற்றுக்குக் குறைவில்லை. சுண்ணாம்புப் பூச்சின் மேற்பரப்பை இறுக்கி மெருகேற்றும் தேய்ப்புக் கல்லைத்தான் காண்பது அரிது.

சிமென்ட் மீது இப்பத்திக்கு உள்ள மனத்தாங்கலைத் தொடர்ந்து வாசிப்போர் நன்கறிவர். எனினும் அதை மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சுட்டு, நீரில் நீற்றிப் பெறும் சுண்ணாம்பு, சுவரில் ஏறிய பின் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்ல மீண்டும் கல்லின் தன்மையை அடைகிறது. அதன் நுண்துளைகள் வழியே சுவரின் ஈரம் வெளியேறிவிடுகிறது. நீருடன் வினைபுரிந்து விரைவில் இறுகும் சிமென்ட்டோ அவ்வழியைப் பெருமளவு அடைத்துவிடுவதால், அடித்தளத்தில் ஈரத்தடுப்பு இல்லாத பழைய செங்கற் சுவருக்குள் ஏறும் நீர் உள்ளேயே தங்கி, உப்பாகப் பூத்து, புதுப்பூச்சைப் பாளம் பாளமாகப் பெயர்த்துத் தள்ளுகிறது. கைராசியில்லாத கொத்தனார் என்று அப்போது பழிசொல்வது அநியாயம். சுவருக்கு ஒவ்வாத பொருளைப் பூசச் சொன்னவர் வீட்டுக்காரரே.

சரியான பூச்சு எப்படியிருக்கும் என்பதற்குச் சான்று தேடி அன்னவாசல்காரர்கள் தொலைதூரம் போக வேண்டியதில்லை. கூப்பிடு தூரத்தில் சித்தன்னவாசல் இருக்கிறது. அங்குள்ள அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரையே புதுப்பிக்கப்பட்ட கட்டடம்தான்: 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் உள்மண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபம் எடுப்பித்த செய்தியை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. அந்த முகமண்டபம் பிற்காலத்தில் அழிந்தது; இன்று முன்புறம் நிற்கும் தூண்கள் 20ஆம் நூற்றாண்டில் குடுமியான்மலையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. கல்லுக்குக் கல்லையே துணையாக்கிய அந்தப் பழுதுபார்ப்பு பாராட்டத்தக்கது.

விதானத்தில் மீன்களும் யானைகளும் பறவைகளும் மலர் பறிப்போரும் நிறைந்த தாமரைக் குளத்தை வியந்து பார்க்கும் பலர், அந்த ஓவியத்தைத் தாங்கும் பூச்சைக் கவனிப்பதில்லை; உண்மையில் வியப்பின் பாதி அதற்கே உரியது. 1930களில் சென்னை அருங்காட்சியகத்தின் தொல்லியல் வேதியியலாளராக இருந்த சு. பரமசிவன் தென்னிந்தியச் சுவரோவியங்களின் பூச்சுகளை ஆய்வுக்கூடத்தில் பகுத்தறியும் முறைக்கு வழிவகுத்தார். சித்தன்னவாசல் பூச்சைப் பற்றிய ஆய்வு விவரங்களின்படி, பாறைமீது சுண்ணாம்பும் பருமணலும் கலந்த அடிப்பூச்சு ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர், அது ஈரமாக இருக்கும்போதே இடப்பட்ட நுண்சுண்ணாம்பு மேற்பூச்சு அரை மில்லிமீட்டர். இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்த கனம்தான் மொத்தமும்! மேற்பூச்சு கரணையாலும் மெருகுக் கல்லாலும் தேய்க்கப்பட்டது என்பதே வீடு புதுப்பிப்போர் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி. கல்லின் அழுத்தம் சுண்ணாம்புத் துகள்களை நெருக்கி, நுண்வெடிப்புகளை மூடி, மேற்பரப்பை ஒரே தளமாக்குகிறது. வெறும் தகட்டால் இழுத்த பட்டிக்கு அந்த இறுக்கம் வருவதில்லை. ராஜஸ்தானின் அராயிஷ் பூச்சுக்கு அகேட் கல்லும், மொராக்கோவின் தடெலாக்ட் பூச்சுக்கு ஆற்றுக் கல்லும் இன்றும் இதே வேலையைச் செய்கின்றன.

செட்டிநாட்டு வீடுகளில் கைபட்டால் வழுக்கும் சுவர்களைச் செய்தளித்த கொத்தனார்களின் வழிவந்தோர் புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களில் இன்னும் உள்ளனர். பழைய வீட்டைப் புதுப்பிப்பவர் சிமென்ட் மூட்டைக்கு முன்பணம் தருவதற்கு முன் அவர்களில் ஒருவரைத் தேடுவது நல்லது. கல்லைத் தேர்வதில் பெரிய சூட்சுமம் இல்லை: உள்ளங்கையில் அடங்கி, துளையோ கூரிய விளிம்போ இல்லாமல், கடினமாகவும் வழவழப்பாகவும் இருந்தால் போதும். தேய்க்கும் நேரமே முக்கியம். பூச்சு விரலில் ஒட்டாமலும், அழுத்தினால் சற்றே பதியும் பதத்திலும் இருக்கும்போது தொடங்கி, சிறு சிறு வட்டங்களாக, ஈரம் முழுதும் வற்றுவதற்குள் முடித்துவிட வேண்டும்.