ரிப்போட்டின் முதல் வரி

கண்டி பஸ் நிலையத்தில் மாலை வேளையில் கையில் நீண்ட வெள்ளை உறையோடு நிற்பவர்களைக் கவனித்தால் ஒரு பழக்கம் தெரியும். பஸ் வரும்வரை பொறுக்க மாட்டார்கள். உறையைப் பிரித்துத் தாளை எடுத்து, நேரே கீழ்ப்பகுதிக்குப் போவார்கள். 'பிளேட்லெட்' அங்கேதான் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு என்று பதிவானது. அந்த ஆண்டு சனத்துக்குக் கற்பித்துவிட்டுப் போன பாடம் இது. ஒன்றரை இலட்சத்துக்கு மேல் என்றால் நிம்மதி. ஒரு இலட்சத்துக்குக் கீழே என்றால் வார்ட். லயத்துப் பாட்டிக்கும் இந்தக் கணக்கு அத்துப்படி.

அதே தாளின் முதல் வரிக்கு இந்த மரியாதை கிடைப்பதில்லை. டபிள்யூ.பி.சி. என்று மூன்று ஆங்கில எழுத்துகள். வெண்குருதிக் கலங்களின் எண்ணிக்கை. அதன் பக்கத்தில் 'கூட' என்பதைக் குறிக்கும் 'எச்' விழுந்திருந்தால் மட்டும் கண் அங்கே போகும். போனதும் இரண்டில் ஒன்று நடக்கும். ஒருவர் 'இரத்தப் புற்றுநோயோ' என்று இரவு முழுக்கத் தூங்க மாட்டார். மற்றவர் 'கிருமி ஏறிட்டுது' என்று தானே முடிவுகட்டி, பாமசியில் போன தடவை குடித்த அன்டிபயோட்டிக்கின் பெயரைச் சொல்லிக் கேட்பார்.

இரண்டுமே அவசரம். அந்த எண் ஒரு நோயின் பெயர் அல்ல. ஊரில் பொலிஸ் நடமாட்டம் கூடியிருக்கிறது என்ற செய்தி மாதிரி அது. திருட்டு நடந்திருக்கலாம், பெரஹராவாக இருக்கலாம், அமைச்சர் வருகிறார் என்றும் இருக்கலாம்.

பெரியவர் ஒருவரின் இரத்தத்தில் ஒரு மைக்ரோலீற்றருக்கு, அதாவது ஒரு கன மில்லிமீற்றருக்கு, ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை வெண்குருதிக் கலங்கள் இருப்பது வழமை. இந்த எல்லைகள் ஆரோக்கியமானவர்களில் 95 வீதமானோரை உள்ளடக்கும்படி வகுக்கப்பட்டவை. நோய் நொடி இல்லாத நூறு பேரில் ஐந்து பேர் எப்படியும் கோட்டுக்கு வெளியே நிற்பார்கள். அவர்களில் ஒருவருக்கு 11,400 வந்தால் இயந்திரம் தயங்காமல் 'எச்' போடும். இயந்திரத்துக்கு ஆளைத் தெரியாது.

ஆளைத் தெரிந்திருந்தால் வேறு சிலவும் தெரிந்திருக்கும். நியூட்ரோபில் என்ற வகைக் கலங்களில் ஏறத்தாழப் பாதி, இரத்தத்தோடு ஓடாமல் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஓட்டமோ பயமோ வலியோ வந்து அட்ரினலின் சுரந்ததும் அவை சில நிமிடங்களில் ஓட்டத்தில் கலந்துவிடும். ஹந்தானை ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறி வந்த கையோடு இரத்தம் கொடுத்தால் எண் சற்றுக் கூடவே காட்டலாம். புகைப்பவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் சிறிது உயர்ந்தே நிற்பதுண்டு. கர்ப்பிணிகளுக்கு ஏறும், பிரசவ வேளையில் 20,000ஐத் தாண்டினாலும் மகப்பேற்று வார்டில் யாரும் பதற மாட்டார்கள்.

மலைநாட்டுக் குளிரில் இன்னொரு காரணமும் அடிக்கடி தலைகாட்டும்: வீசிங். இழுப்பு அடங்க வைத்தியர் சில நாட்களுக்கு பிரெட்னிசலோன் எழுதுகிறார். அது ஸ்டீரொய்ட், வெண்குருதிக் கலங்களை உயர்த்துவது அதன் இயல்பு. நோயாளி இடையில் தானாக ஒரு பரிசோதனை செய்து பார்க்கிறார், 14,000. வேறொரு கிளினிக்குக்குப் போகிறார். குடித்த குளிசையைப் பற்றி அவர் சொல்வதில்லை, அங்கே யாரும் கேட்பதுமில்லை. கையில் அன்டிபயோட்டிக் சீட்டோடு வெளியே வருகிறார்.

கண்டிக்காரர்களுக்கு இந்த முதல் வரி உண்மையிலேயே பயன்படும் இடம் காய்ச்சல்தான். டெங்குவில் வெண்குருதிக் கலங்கள் ஏறுவதில்லை, இறங்கும். பெரும்பாலும் பிளேட்லெட் விழுவதற்கு முன்பே இந்த எண் 5,000க்குக் கீழே போய்விடும். காய்ச்சல் விடப்போகிறது, அதோடு ஆபத்தான கட்டமும் நெருங்குகிறது என்று வார்ட் வைத்தியர்கள் கவனத்தைக் கூட்டுவது இதைப் பார்த்துத்தான். திரும்பி வரும்போதும் முதலில் எழும்புவது இந்த எண்தான். பிளேட்லெட் பிந்தித்தான் வரும்.

பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையில் டெங்குவோடு கிடக்கும் ஒரு பிள்ளையை எண்ணிப் பார்க்கலாம். ஆறாம் நாள் ரிப்போட்டில் பிளேட்லெட் 38,000. நேற்று 41,000. தகப்பன் முகம் கறுத்துப்போகிறது. மேலே முதல் வரியில் நேற்று 2,100, இன்று 4,300. அவர் அதைப் பார்க்கவில்லை. பார்த்தாலும் 'ஏறுகிறதே, இது வேறா' என்றுதான் கலங்கியிருப்பார். பிள்ளைக்குப் பசிக்கிறது, சிறுநீர் நன்றாகப் போகிறது என்றால், அந்த ஏற்றம் பெரும்பாலும் அன்றைய நாளின் நல்ல செய்தி. அதை அவருக்குத் தமிழில் சொல்ல அரை நிமிடம் போதும்.

இனி வயலுக்குப் போவோம். ஹாரிஸ்பத்துவ, உடுநுவர, யட்டிநுவர பக்கங்களில் சேற்றில் இறங்கியவருக்குப் பத்து நாள் கழித்துக் காய்ச்சல், கெண்டைக்கால் தொட முடியாத வலி, கண் சிவப்பு. ரிப்போட்டில் பிளேட்லெட் 70,000. வீட்டில் எல்லோரும் டெங்கு என்கிறார்கள், பப்பாசி இலைச் சாறு தயாராகிறது. முதல் வரியில் 15,800 என்று நிற்கிறது; அதிலும் பெரும்பகுதி நியூட்ரோபில். டெங்குவுக்கு இது பொருந்தாத உருவம். எலிக்காய்ச்சலிலும் பிளேட்லெட் விழும், ஆனால் வெண்குருதிக் கலங்கள் பல சமயம் ஏறும். 2008இல் இலங்கையில் 7,000க்கும் மேற்பட்டோருக்கு எலிக்காய்ச்சல் என்று பதிவானபோது கண்டி, மாத்தளைப் பக்கங்கள் கடுமையாக அடிபட்டன. சிறுநீரகத்தைத் தாக்கும் அந்த நோய்க்கு அன்டிபயோட்டிக் தேவை, அதுவும் தாமதமில்லாமல். கீழ் வரியை மட்டும் பார்க்கும் பழக்கம் ஆளைக் கொல்லக்கூடிய இடம் இதுதான். எல்லா எலிக்காய்ச்சலிலும் எண் ஏறும் என்று சட்டமில்லை. அது ஒரு துப்பு மட்டும். வயலில் இறங்கினேன் என்று நோயாளி வாய்திறந்து சொல்வது அதைவிடப் பெரிய துப்பு.

எண்ணை வாசிப்பதிலேயே சில குழிகள் இருக்கின்றன. ஓர் ஆய்வுகூடம் 12,500 என்று அச்சிடும். மற்றது 12.5 என்று போட்டு, ஆயிரத்தை அலகுக்குள் ஒளித்து வைக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து 'பன்னிரண்டாயிரம் இருந்தது பன்னிரண்டாகிவிட்டது' என்று அழுதால் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. அலகு யாருக்கு விளங்குகிறது? வீதக் கணக்கு இன்னும் மோசம். மொத்தம் 4,000, லிம்போசைற் 60 வீதம். 60க்குப் பக்கத்தில் 'எச்'. பெருக்கிப் பார்த்தால் 2,400, சாதாரண எண்ணிக்கைதான். கூடியது லிம்போசைற் அல்ல, குறைந்தது மற்றது. சின்னப் பிள்ளைகளுக்கு நான்கைந்து வயதுவரை லிம்போசைற்தான் முன்னணியில் இருக்கும். பெரியவர்களின் எல்லையை வைத்துப் பார்த்தால் ஆரோக்கியமான குழந்தைக்கும் நோய் எழுதலாம்.

எந்தக் கலம் கூடியிருக்கிறது என்பதில்தான் கதை இருக்கிறது. நியூட்ரோபில் என்றால் பக்டீரியா, காயம், அழற்சி, மருந்து என்று ஒரு பக்கம். இயோசினோபில் என்றால் ஒவ்வாமை, ஆஸ்துமா, குடற்புழு. மலையகத்தில் இந்தக் கடைசிச் சொல் பழையது. 1916இல் ராக்ஃபெல்லர் அமைப்பு இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது அதன் கண் விழுந்தது தோட்ட லயங்கள் மீதுதான். மலசலகூடம் இல்லாத வரிசை வீடும் வெறுங்காலும் சேர்ந்தால் புழு வரும் என்பது அன்றே தெரிந்த விஷயம்.

கலங்களை வகைபிரிக்க வழி காட்டியவர் பவுல் எர்லிக். 1870களின் முடிவில் சாயங்களை ஊற்றி ஊற்றிப் பார்த்து, எது எந்த நிறத்தைக் குடிக்கிறது என்று பிரித்தார். எண்ணும் இயந்திரம் வாலஸ் கூல்ட்டருக்கு 1953இல் காப்புரிமை கிடைத்த உத்தியிலிருந்து வளர்ந்தது. சிறு துளை வழியே கலம் ஒவ்வொன்றாகப் போக, மின்னோட்டம் இடறும்; இடறலை எண்ணினால் போதும். வேகமான வேலை. ஆனால் திரண்டுபோன பிளேட்லெட் கட்டியையும் சில நேரம் அது வெண்குருதிக் கலம் என்று எண்ணிவிடும். அதனால்தான் சந்தேகம் வந்தால் வைத்தியர் 'பிளட் பிக்சர்' எழுதுகிறார். கண்ணாடித் துண்டில் ஒரு துளி இரத்தத்தைத் தேய்த்து, சாயமிட்டு, மனிதக் கண்ணால் பார்ப்பது. எர்லிக்கின் வேலை இன்னும் முடியவில்லை.

புற்றுநோய்ப் பயத்தையும் மறைக்கத் தேவையில்லை. லியுக்கீமியாவில் எண்ணிக்கை ஏறலாம். நாட்பட்ட மைலொயிட் வகையில் 100,000ஐத் தாண்டுவதும் உண்டு. சில வகைகளில் சாதாரணமாகவோ குறைவாகவோகூட இருக்கும். ஆகவே 13,000 என்ற தனி எண் புற்றுநோயைச் சொல்வதுமில்லை, 7,000 என்ற எண் அதை மறுப்பதுமில்லை. மெலிவு, இரவு வியர்வை, காரணமில்லாத இரத்தக் கசிவு, கழுத்திலோ அக்குளிலோ கட்டி, இடப்பக்க வயிற்றில் பாரம், வாரக்கணக்கில் இறங்காமல் ஏறிக்கொண்டே போகும் எண்: இவற்றில் ஏதாவது இருந்தால் தாமதிக்கக்கூடாது. நாட்பட்ட மைலொயிட் வகைக்கு 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமட்டினிப் மாத்திரை, ஒருகாலத்தில் சில ஆண்டுகளில் முடிந்துபோன வாழ்க்கைகளைப் பல ஆண்டுகளுக்கு நீட்டியிருக்கிறது.

இவ்வளவும் வைத்தியர் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்கலாம். கண்டி தேசிய வைத்தியசாலையின் கிளினிக் நெரிசலைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். புசல்லாவையிலிருந்தோ தெல்தோட்டையிலிருந்தோ முதல் பஸ்ஸில் வரும் தோட்டத் தொழிலாளிக்கு அங்கே கிடைப்பது சில நிமிடங்கள். அதிலும் பாதி சிங்களத்தில் போய்விடும். தமிழும் ஆட்சிமொழி என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் எழுதி வைத்தது. இரத்த அறிக்கை ஆங்கிலத்திலேயே வருகிறது. சிங்களவருக்கும் அது விளங்குவதில்லை என்பதில் மட்டும் சமத்துவம் இருக்கிறது.

கேட்பது பெரிய காரியமில்லை. அறிக்கையின் அடியில் தமிழிலும் சிங்களத்திலும் நான்கு வரிகள்: இந்த எண் தனியாக நோயைச் சொல்லாது, குடிக்கும் மருந்துகளையும் வயல் வேலையையும் வைத்தியரிடம் சொல்லுங்கள், பழைய அறிக்கைகளைக் கொண்டு போங்கள், இதை வைத்து நீங்களாக அன்டிபயோட்டிக் வாங்காதீர்கள். வீதத்தோடு உண்மையான எண்ணிக்கையும், வயதுக்கேற்ற எல்லையும் அச்சாக வேண்டும். ஆய்வுகூடங்களுக்கு இது மென்பொருளில் ஒரு மணி நேர வேலை. தங்கள் விளம்பரத்தை அச்சிட அதே தாளில் இடம் இருக்கிறதே.

பழைய அறிக்கைகள் என்றதும் பலர் தயங்குவார்கள். எறிந்திருப்பார்கள், அல்லது பிள்ளையின் கொப்பிக்கு அட்டை போட்டிருப்பார்கள். கிளினிக் வரிசையில் சில பாட்டிகளின் ஷொப்பிங் பேக்கை அவிழ்த்தால் வேறு காட்சி. இறப்பர் வளையம் போட்ட ஒரு கட்டு, மூன்று வருடத் தாள்கள், ஓரம் மஞ்சளாகிப்போனவை. 11,900, 12,300, 11,700. அப்படி ஒரு கட்டு மேசைக்கு வந்தால் வைத்தியர் புதிய 12,100ஐ அதன் மேல் வைத்துவிட்டு, அடுத்த கேள்வியாகப் புகையிலை போடுவதுண்டா, சுருட்டு உண்டா என்று கேட்கத் தொடங்கலாம்.