இரைச்சலை ஊற்றுக்கண்ணிலேயே அடைப்போம்



வானொலியில் செய்தி கேட்டுக்கொண்டிருக்கையில் சமையலறையில் மிக்ஸி ஓடினால் என்ன நிகழும் என்பதை நீங்கள் அறிவீர்கள். செய்தி மங்கி, கரகரவென்ற ஒலியே மிஞ்சும். மிக்ஸியின் மோட்டாரில் எழும் மின்பொறிகள் அலைகளாகப் பரவி வானொலிக்குள் புகுவதே இதற்குக் காரணம். இதனை மின் இரைச்சல் என்பர். இந்த இரைச்சலால் நேரவிருந்த ஒரு விபரீதத்தைப் பற்றியே இம்மாதம் எழுத விரும்புகிறேன்.

ஏற்காட்டு மலையில் மாரமங்கலத்திலுள்ள உறவினர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவ்வீட்டுப் பிள்ளை கல்லூரி மாணவன். பழைய கணினி, தொலைக்காட்சித் திரை, பலகைகள் ஆகியவற்றைக் கொண்டு 'பின்பால்' விளையாட்டுப் பெட்டி ஒன்றைத் தானே செய்திருந்தான். சுருள்வில் பொருத்திய தண்டை இழுத்துவிட்டால் இரும்புப் பந்து மேலே பாயும் பழைய ஆட்டம் அது. இவனுடைய பெட்டியில் பந்து திரையில் மட்டுமே உண்டு, தண்டு உண்மையானது. தண்டு எவ்வளவு நகர்ந்தது என்பதை ஓர் உணரி அளந்து கணினிக்குச் சொல்லும்.

"மாமா, நான் தொடவே இல்லை, தண்டு தானா ஆடுற மாதிரி திரையில காட்டுது" என்று முறையிட்டான்.

கலைப்பாடம் பயின்ற நானும் அவனோடு அமர்ந்து நூல்களைப் புரட்டினேன். அறிந்துகொண்டது இதுதான்: உணரி தரும் மின்னழுத்தத்தை அவனுடைய சிறு மின்பலகை, 0 முதல் 5 வோல்ட் வரையிலான அளவை 1024 படிகளாகப் பிரித்துப் படிக்கிறது. ஒரு படி என்பது ஏறக்குறைய 5 மில்லிவோல்ட். ஒரு வோல்ட்டில் 200இல் ஒரு பங்கு! இத்துணை நுண்ணிய அளவில் சிறு சலசலப்பும் பெரும் புயலாகிவிடும்.

புயல் எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு கருவியாக நிறுத்திப் பார்த்தோம். பெட்டிக்குள் அதிர்வுக்காக ஒரு மோட்டாரும், தட்டும் ஓசைக்காகக் காந்தச் சுருள்களும் வைத்திருந்தான். அவற்றை நிறுத்தியதும் ஆட்டம் பெரிதும் அடங்கிற்று. மோட்டாரின் மின்னோட்டமும் உணரியின் மின்னோட்டமும் ஒரே கம்பி வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தன. கம்பியின் மின்தடை 0.05 ஓம் என்றே கொள்வோம். 2 ஆம்பியர் அதில் பாய்ந்தால் 100 மில்லிவோல்ட் எழும். அஃதாவது 20 படிகள்! ஒரே வாய்க்காலில் வெள்ளத்தையும் குடிநீரையும் விட்டால் குடிநீர் தெளிந்திருக்குமா?

இரண்டிற்கும் தனித்தனிக் கம்பிகளிட்டு, மின்வழங்கியின் அருகே ஒரே புள்ளியில் இணைத்தோம். காந்தச் சுருளின் மின்னோட்டம் நிற்கும் நொடியில் அது உயர் மின்னழுத்தத்தைத் திருப்பி வீசும். அதனைத் தணிக்க, சுருளின் இரு முனைகளுக்கிடையே 1என்4007 என்னும் டயோடைத் தலைகீழாக இணைத்தோம். சில ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள் அது. உணரியின் கம்பிகளைக் குறுக்கி, ஒன்றோடொன்று முறுக்கி, 230 வோல்ட் கம்பிகளிலிருந்து விலக்கி வைத்தோம். மின்பலகையின் நுழைவாயிலில், உணரிக் கம்பிக்கும் திரும்பும் கம்பிக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை வைத்தோம்.

எஞ்சிய சிறு நடுக்கத்திற்கு மட்டுமே கணினி நிரலின் துணையை நாடினோம். 16 அளவீடுகளின் சராசரியை எடுத்தால், ஒழுங்கற்ற இரைச்சல் நான்கில் ஒரு பங்காகக் குறையும். நமது மின்சாரத்தின் ஓர் அலைக்கு 20 மில்லிநொடி ஆகும். அந்த நேரம் முழுவதும் சீராக அளந்து சராசரி கண்டால் அதன் ரீங்காரமும் தன்னைத்தானே கழித்துக்கொள்ளும். ஆயினும் சராசரியை நீட்டிக்கொண்டே போனால் கை இழுத்த பின் தண்டு தாமதமாக அசையும். எனவே, ஊற்றை அடைக்காமல் கடைசியில் வடிகட்டுவது மட்டும் போதாது.

இதே நெறியை நம் தமிழகத்திலேயே பேரளவில் காணலாம். உதகைக்கு அருகே முத்தோரையில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970இல் நிறைவேறிய வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமுடையது. தொலைதூர விண்பொருள்களின் மிக மெல்லிய அலைகளை 1056 சிறு ஏற்பிகள் அதில் வாங்குகின்றன. 1990களின் தொடக்கத்தில் அதனைப் புதுப்பித்தபோது, ஒவ்வோர் ஏற்பியின் அருகிலேயே குறைந்த இரைச்சலுடைய பெருக்கியைப் பொருத்தினர். நீண்ட கம்பியில் அந்த அலை மேலும் மெலிந்து இரைச்சலில் மூழ்குவதற்கு முன்பே அதனை வலுப்படுத்திவிடுவதுதான் அதன் நோக்கம்.

இனி, நான் சொல்ல வந்த விபரீதத்திற்கு வருகிறேன். வேலை முடியும் தறுவாயில் பெட்டியின் உலோகச் சட்டத்தில் என் புறங்கை பட்டது, சுருக்கென்றது. மின்செருகியைப் பிடுங்கிப் பார்த்தேன். மூன்று முனைகளுள் பெரியதான எர்த் முனை இல்லை! 'எர்த்தை எடுத்துவிட்டால் இரைச்சல் போய்விடும்' என்று எவரோ சொல்ல, பிள்ளை அதனை வெட்டியிருக்கிறான். அந்தப் பெட்டியின் முன்தான் அவனுடைய ஏழு வயதுத் தங்கை நாள்தோறும் வெறுங்காலுடன் நின்று ஆடுகிறாள்.

எர்த் கம்பி அறுந்தால் கணினி மின்வழங்கியின் உலோக உறையில் மெல்லிய மின்கசிவு தங்கி நிற்கும். அதுவே அன்று சுருக்கென்றது. உள்ளே ஒரு கம்பி உறை கிழிந்து சட்டத்தைத் தொட்டிருந்தால் 230 வோல்ட்டும் தொட்டவர் உடல் வழியே பாய்ந்திருக்கும். அன்றே செருகியை மாற்றினோம். மின்பணியாளரை அழைத்து, வறண்டு கிடந்த எர்த் குழியைச் சீராக்கி நீர் ஊற்றினோம்; 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் காவலனையும் பொருத்தினோம்.

எர்த் மீண்டும் வந்த பின்னரும், தொடாத தண்டு திரையில் அசையாமல் நின்றது. இரைச்சலைப் போக்க எர்த்தை வெட்டவேண்டிய தேவையே இருந்ததில்லை.

பெற்றோர்களே, கருவி செய்யும் பிள்ளைகளைத் தடுக்காதீர்கள். அறிவு அவ்வாறுதான் வளர்கிறது. ஆனால் இன்றிரவே அவர்களுடைய மின்செருகிகளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மூன்று முனைகளும் இருக்கின்றனவா?