ஜேர்சிக்கு ஸ்பொன்சர் இருக்கிறது, பிரேக்குக்கு?



கொஞ்சம் நீளமான பதிவு. சைக்கிள் ஓட்டும் பிள்ளை வீட்டில் இருக்கும் வாப்பாமாரும் உம்மாமாரும் கடைசி வரை வாசியுங்கள். கழகப் பொறுப்பாளர்கள் கோபப்படாமல் வாசியுங்கள்.

விடுமுறை நெருங்கினால் நமது கரையோர ஊர்களில் சைக்கிள் டூர் போஸ்டர்கள் வரத் தொடங்கிவிடும். போதைக்கு எதிராக ஒரு பவனி, சுற்றாடலுக்காக ஒரு பவனி, கழகத்தின் ஆண்டு நிறைவுக்கு ஒரு பவனி. பெரும்பாலும் பாதை ஒன்றுதான்: கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ தொடங்கி, பொத்துவில் தாண்டி அறுகம்பை வரை.

நாம் இதற்கு எதிரானவர்கள் இல்லை. இரவு ஒரு மணி வரை போனில் விளையாடும் பிள்ளை சுபஹோடு எழும்பி எழுபது கிலோமீற்றர் மிதிக்கிறான் என்றால் ஆசிரியர்களாகிய நமக்கு அதைவிடச் சந்தோஷம் என்ன? 2022இல் பெற்றோல் வரிசை நாட்களில் மூலையில் கிடந்த சைக்கிள்கள் மீண்டும் றோட்டுக்கு வந்தன. அந்தப் பழக்கம் போகாமல் இருக்கட்டும் என்றுதான் நாமும் ஆசைப்படுகிறோம்.

ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டே ஆக வேண்டும்.

கடந்த விடுமுறையில் ஒரு கழகத்தின் டூர் செலவுப் பட்டியல் நமது கைக்கு வந்தது. ஊர் பெயரும் வேண்டாம், கழகத்தின் பெயரும் வேண்டாம். எல்லாருக்கும் ஜேர்சி. இரண்டு பெனர். ட்ரோன் கமெரா வாடகை. அதிதிகளுக்குப் பொன்னாடை, நினைவுச் சின்னம். பகல் சாப்பாடு. பட்டியலை இரண்டு தரம் வாசித்தோம். பிரேக் கட்டை இல்லை. பின் லைட் இல்லை. ஹெல்மட் இல்லை. ஒரு ஸ்பெயார் டியூப் கூட இல்லை.

நாம் சொல்ல வருவது ஒன்றுதான்: சைக்கிள் பயணத்தில் காசு முதலில் போக வேண்டிய இடம், படத்தில் விழாத இடம்.

*பாதையை முதலில் பாருங்கள்*

கல்முனையிலிருந்து பொத்துவிலுக்குச் சுமார் 70 கிலோமீற்றர். அது ஏ4 பிரதான வீதி. கொழும்பு பஸ், மண் ஏற்றும் டிப்பர், அறுவடைக் காலத்தில் மெஷின் ஏற்றிய லொறி எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை வரை ஊரும் கடையும் தொடர்ந்து இருக்கும். திருக்கோவில் தாண்டினால் ஊர்கள் தூரத்துக்குத் தூரம். நிழலும் குறைவு, சைக்கிள் திருத்துபவரும் குறைவு. கோமாரிப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. பொத்துவிலிலிருந்து லகுகல பக்கம் திரும்பினால் இன்னும் அதிகம். இருட்டில் அந்தப் பக்கம் சைக்கிளில் போவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

இவற்றோடு நமது பகுதிக்கே உரிய சாமான்கள் மூன்று: வீதியின் பாதியில் காயப்போட்ட நெல், இரவில் நடுவீதியில் படுத்துக் கிடக்கும் மாடு, ஓரத்தில் காற்று கொண்டுவந்து கொட்டிய மணல். மணலில் முன் சில்லு போய் பிரேக்கைப் பிடித்தால் விழாதவன் இல்லை.

இப்படிப்பட்ட பாதையில் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளை வரிசையாக விடுகிறோம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

*பிரதம அதிதி எத்தனை மணிக்கு வருவார்?*

முதல் ஆபத்து லொறியில் இல்லை, நமது நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. போஸ்டரில் காலை 7.00 மணி என்று இருக்கும். அதிதி 8.30க்கு வருவார். கிராஅத், வரவேற்புரை, பொன்னாடை, கொடியசைப்பு, குழுப்படம். பிள்ளைகள் மிதிக்கத் தொடங்க 9.30. மணிக்குப் பதின்மூன்று, பதினான்கு கிலோமீற்றர் ஓடினால், நிறுத்தாமல் போனாலும், ஐந்து மணித்தியாலம். உச்சி வெயில் நேரத்தில் திருக்கோவிலுக்கும் கோமாரிக்கும் இடையில், நிழல் இல்லாத இடத்தில்தான் பிள்ளைகள் நிற்பார்கள். மே முதல் செப்டம்பர் வரையான மாதங்கள் என்றால் கச்சான் காற்று வேறு. அந்தக் காற்றின் சூடு அனலை வாயில் ஊதுவது போல என்று நம் எல்லாருக்கும் தெரியும்.

சுபஹ் தொழுதுவிட்டு, வெளிச்சம் வந்ததும் புறப்பட்டால், பாதி வழியை வெயில் ஏறுமுன் முடிக்கலாம். கோமாரிப் பக்கத்தை நல்ல பகலில் கடக்கலாம். ளுஹருக்குப் பொத்துவில் பள்ளியில் இருக்கலாம். கொடியசைக்கத்தான் வேண்டும் என்றால் அதிதி சுபஹுக்கு வரட்டும். வர முடியாதென்றால் வாழ்த்துச் செய்தி அனுப்பட்டும்.

*எந்த சைக்கிள்?*

"நல்ல பைக் இல்லாட்டி போகேலாது சேர்" என்று மாணவர்கள் சொல்கிறார்கள். இந்தக் கதையை யார் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது? வாப்பாமார் கடன்பட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் ஷொக் வைத்த பாரமான சைக்கிள் வாங்கிக் கொடுக்கிறார்கள். மலிவான பின் ஷொக் தார் வீதியில் நன்மை செய்வதைவிடத் தீமைதான் செய்யும். மிதிக்கும் பலத்தில் ஒரு பகுதியை அது குடித்துவிடும், பாரத்தையும் கூட்டும். ஒழுங்காகத் திருத்திய ஒரு சாதாரண லுமாலா, அளவு தெரியாமல் வாங்கிய புது சைக்கிளைவிட எவ்வளவோ மேல்.

அளவுதான் முக்கியம். சைக்கிளின் பாருக்கு மேலால் இரண்டு காலும் ஊன்றி நின்றால் இடையில் இடைவெளி இருக்க வேண்டும். காக்காவின் சைக்கிளைத் தம்பி கொண்டுபோகக் கூடாது.

சீற்றின் உயரம் பார்ப்பதற்குக் காசு தேவையில்லை. சீற்றில் இருந்து, பெடல் ஆகக் கீழே இருக்கும்போது குதிக்காலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் லேசாக மடிந்திருக்கும். அதுதான் சரியான உயரம். நமது பிள்ளைகளில் அநேகமானோர் சீற்றை ஆகக் கீழே இறக்கி, முழங்காலை நெஞ்சுக்கு உயர்த்தி மிதிக்கிறார்கள். முப்பது கிலோமீற்றரில் முழங்கால் நோவு தொடங்கும். "பயிற்சி போதாது" என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். பிழை சீற்றில்.

இன்னொன்று, மெத்தை போன்ற பெரிய சீற் சுகம் என்று நினைப்பது. பத்து நிமிடத்துக்குச் சுகம்தான். ஐந்து மணித்தியாலத்துக்கு, இருப்பு எலும்பு இரண்டையும் தாங்கக்கூடிய ஓரளவு இறுக்கமான சீற்தான் நல்லது.

பிரேக் இரண்டும் பிடிக்க வேண்டும். முன் பிரேக்கைக் கழற்றிவிட்டு ஓடுவதை வீரம் என்று நினைக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட சைக்கிளை வரிசையில் சேர்ப்பவர் யாராக இருந்தாலும் அவரே பொறுப்பு. றிம்மைப் பிடிக்கும் பிரேக் மழை நனைந்தால் பிந்தித்தான் பிடிக்கும் என்பதையும் முதலே சொல்லிக் கொடுங்கள். டயரில் நூல் தெரிந்தால் மாற்றுங்கள். எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கத்திலேயே அச்சடித்திருக்கும்.

*உடம்பில் என்ன?*

ஜீன்ஸ் போட்டு வராதீர்கள். அதன் தடித்த தையல் தொடையை அறுத்துவிடும். பஞ்சு வைத்த சைக்கிள் காற்சட்டை கிடைத்தால் நல்லது. அதற்குள் வேறு உள்ளாடை போடக்கூடாது, உரசிப் புண்ணாக்கும். இறுக்கமாக இருக்கிறதே, அவ்ரத் தெரியுமே என்று தயங்குபவர்கள் அதற்கு மேல் லேசான ட்ராக் காற்சட்டை போட்டால் விஷயம் முடிந்தது. அதன் வலது காலை ஒரு ரப்பர் பட்டியால் கட்டிவிடுங்கள், செயினுக்குள் போகாது. செருப்போடு வர வேண்டாம்.

ஹெல்மட் சைக்கிளுக்கென்று செய்ததாக இருக்க வேண்டும். காற்றோட்டம் இல்லாத மோட்டார் சைக்கிள் ஹெல்மட்டை நமது வெயிலில் ஐந்து மணித்தியாலம் போட முடியாது, பாதி வழியில் கழற்றிக் கைப்பிடியில் கொழுவிவிடுவார்கள். உள்ளே ஈஎன் 1078 அல்லது சிபிஎஸ்சி என்ற தர அடையாளம் இருக்கிறதா பாருங்கள். நெற்றியை மூடி, புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் இருக்க வேண்டும். பட்டி நாடியோடு ஒட்டியிருக்க வேண்டும். பலமாக அடிபட்ட ஹெல்மட்டை மறுபடி பாவிக்கக் கூடாது. வெளியே வெடிப்புத் தெரியாவிட்டாலும் உள்ளே நசுங்கியிருக்கும்.

பாக்கைத் தோளில் போட்டு வந்தால் முதுகு வியர்த்துத் தோள் நோகும். பின் கெரியரில் கட்டுங்கள். அவிழ்ந்த கயிறு சில்லுக்குள் போகாமல் முடிச்சைப் பாருங்கள்.

*தண்ணீரும் திருத்தும் சாமானும்*

வெயிலில் மிதிக்கும் பிள்ளைக்கு மணிக்கு அரை லீற்றருக்குக் குறையாமல் தண்ணீர் தேவை. ஒரேயடியாகக் குடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக. வியர்வையோடு உப்பும் போகிறது, அதனால் வெறும் தண்ணீர் மட்டும் போதாது. ஜீவனி பக்கற்றை அதில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்து வைத்திருங்கள். வழியில் இளநீர் இருக்கிறது, வாழைப்பழம் இருக்கிறது. ஸ்பொன்சர் தந்தார் என்பதற்காக எனர்ஜி டிரிங்க் டின்களை பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

தலைசுற்று, வாந்தி, தசைப்பிடிப்பு வந்தால் அந்தப் பிள்ளையின் பயணம் அன்றோடு முடிந்தது. பேச்சுத் தடுமாறினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் அது உயிராபத்து. நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அழைக்கக் காசு இல்லை. தயக்கமும் வேண்டாம்.

குழுவில் ஸ்பெயார் டியூப், டயர் லீவர், சொலூஷன், ஒட்டு, அலன் கீ, பம்ப் கட்டாயம். பம்ப் எல்லா வால்வுக்கும் பொருந்துகிறதா என்று முதல் நாளே பார்க்க வேண்டும். பழைய சைக்கிள் வால்வு வேறு, மோட்டார் சைக்கிள் மாதிரி வால்வு வேறு.

*வரிசை*

வீடியோ எடுக்கும் வாகனம் முன்னால் போகிறது. பின்னால் ஒன்றுமில்லை. பாதுகாப்புக்கு வாகனம் தேவைப்படுவது பின்னால், சிக்னல் போட்டுக்கொண்டு, ஆகக் கடைசிப் பிள்ளைக்குப் பின்னால். வேகத்தைத் தீர்மானிக்க வேண்டியவனும் அந்தக் கடைசிப் பிள்ளைதான். ஒருவர் பின் ஒருவராக, இடதுபக்கம், காதில் ஹெட்செட் இல்லாமல், ஒரு கையில் போன் இல்லாமல். ட்ரோனைப் பார்த்துக் கை காட்டிக்கொண்டு ஓடும் நேரம் இது இல்லை. மஃரிபுக்கு முன் பயணம் முடிய வேண்டும். முடியாமல் போனால் பின்னால் சிவப்பு லைட், முன்னால் வெள்ளை லைட் இல்லாத எந்த சைக்கிளும் லொறியில் ஏற வேண்டும்.

*வழக்கமான மூன்று பதில்கள்*

"எங்கட காலத்தில ஹெல்மட்டா இருந்த?" இல்லை. உங்கள் காலத்தில் இந்த வீதி இவ்வளவு அகலமும் இல்லை, பஸ் இந்த வேகத்தில் ஓடவும் இல்லை. நெல் மூடையை வைத்து வயலுக்கும் வீட்டுக்கும் மெதுவாக மிதித்த பயணத்தையும் இதையும் ஒன்றாக்காதீர்கள்.

"காசு இல்ல சேர்." ஜேர்சிக்கு எப்படி வந்தது? சீற்றை உயர்த்தக் காசு இல்லை. நேரத்தோடு புறப்படக் காசு இல்லை. பிரேக் கட்டையும் பின் லைட்டும் ட்ரோன் வாடகைக்குள் அடங்கும். ஹெல்மட்தான் செலவு. கழகம் ஒரு தொகுதியை வாங்கி வைத்தால் அடுத்தடுத்த கழகங்களும் இரவல் எடுக்கலாம். மையித்துக்குக் கட்டிலும், கல்யாணத்துக்குச் சட்டியும் பொதுவாக வைத்திருக்கும் ஊர்களுக்கு இது புதுப் பழக்கம் இல்லை.

"அல்லாஹ் எழுதினது நடக்கும்." கத்ரை நாம் நம்புகிறோம். அதே நம்பிக்கையுள்ள நாம்தான் ஒட்டகத்தைக் கட்டச் சொன்ன நபிமொழியையும் ஜும்ஆவில் கேட்டுத் தலையாட்டுகிறோம். கட்டாமல் விட்டுவிட்டு, மையித்து வீட்டில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்துகொண்டு கத்ர் பேசுவது தவக்குல் ஆகாது. நமது கவனக்குறைவுக்கு அல்லாஹ்வின் பெயரைப் போட்டுக்கொள்ளும் துணிச்சல் அது.

*ஆகவே நாம் கேட்பது*

கழகங்களிடம்: டூருக்கு ஒரு கிழமைக்கு முன் ஒரு பின்னேரம், பாஸ் ஒருவரைக் கூப்பிட்டு எல்லா சைக்கிளையும் பாருங்கள். பிரேக், டயர், சீற், லைட். பாஸாகாத சைக்கிள் வராது, அது தலைவரின் மகனுடையதாக இருந்தாலும்.

ஸ்பொன்சர் தரும் கடைக்கார சகோதரர்களிடம்: உங்கள் கடைப் பெயர் ஜேர்சியில் வருவதைவிட ஹெல்மட்டில் வரட்டும். அடுத்த முறை செலவுப் பட்டியலைக் கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.

பெற்றோரிடம்: சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை மணிக்குப் புறப்படுகிறீர்கள்? பின்னால் எந்த வாகனம் வருகிறது? என் பிள்ளையின் பிரேக்கை யார் பார்த்தது? பதில் இல்லையென்றால் கையெழுத்து வேண்டாம். பிள்ளை இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பான், பரவாயில்லை.

இந்த விடுமுறைக்கான டூர் ஒன்றின் போஸ்டர் ஏற்கனவே வந்துவிட்டது. அதில் அதிதிகளின் படம் ஒன்பது இருக்கிறது. புறப்படும் நேரம் 8.00 என்று இருக்கிறது. ஏற்பாட்டாளர்கள் இதை வாசிப்பார்கள் என்று நமக்குத் தெரியும். இன்னும் நாள் இருக்கிறது, மாற்றலாம். மாற்றினால் சைக்கிள் பார்க்கும் பின்னேரத்துக்கு நாமும் வருகிறோம், சீற் உயர்த்த ஸ்பெனரோடு.

அல்லாஹ் நமது பிள்ளைகளின் பயணங்களை ஆஃபியத்தாக ஆக்கி வைப்பானாக. ஆமீன்.