2 லட்சம் ரூபாய் கிராபிக்ஸ் கார்டு, உருகும் கனெக்டர்: கேபிள் வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

உங்கள் வீட்டில் ஏ.சி.க்கும் கீசருக்கும் தனியாக ஒரு பெரிய பிளக் பாயின்ட் இருக்கும். அதன் திறன் 16 ஆம்பியர். இப்போது ஒரு கணினிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கட்டைவிரல் அகலமே உள்ள ஒரு பிளாஸ்டிக் கனெக்டர் வழியாக அதைப்போல மூன்று மடங்கு, அதாவது சுமார் 48 ஆம்பியர் மின்னோட்டம் போகலாம். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5090 முழு வேகத்தில் ஓடும்போது நிலைமை இதுதான்: 575 வாட், 12 வோல்ட்.

இந்தியாவில் இந்த கார்டின் அறிமுக விலையே 2 லட்சம் ரூபாய்க்கு மேல். ஆலுவாவில் மெட்ரோ ஏறி கொச்சி பென்டா மேனகாவுக்குப் போய் வாங்கினாலும் சரி, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் சரி, கார்டைப் பற்றி மாதக்கணக்கில் யோசிக்கிற நாம் கேபிளைப் பற்றிக் கடைசியில்தான் யோசிக்கிறோம். ஆனால் பிரச்னை தொடங்குவது அங்கேதான்.

என்ன நடந்தது?

12விஎச்பிடபிள்யூஆர் என்ற 16 பின் கனெக்டர் 2022-ல் ஆர்டிஎக்ஸ் 4090 உடன் பரவலானது. கார்டு விற்பனைக்கு வந்த அக்டோபர் மாதமே, கனெக்டர் உருகிய படங்கள் வரத் தொடங்கின. உலக அளவில் சுமார் 50 புகார்கள் தெரியவந்ததாக நவம்பரில் சொன்ன என்விடியா, கனெக்டர் முழுமையாகச் செருகப்படாததைப் பொதுவான காரணமாகக் காட்டியது.

2025 ஜனவரி 30 அன்று ஆர்டிஎக்ஸ் 5090 வந்தது. சில நாட்களில் மறுபடியும் அதே படங்கள். 'டெர்8அவர்' என்ற பெயரில் யூடியூபில் இயங்கும் ஜெர்மன் நிபுணர் ரோமன் ஹார்ட்டுங் தன் கணினியில் அளந்து பார்த்தார். ஒரே ஒரு கம்பியில் மட்டும் 20 ஆம்பியருக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது.

ஏன் உருகுகிறது?

கணக்கு போட்டுப் பார்ப்போம். பழைய 8 பின் கனெக்டருக்கு வரம்பு 150 வாட். மூன்று 12 வோல்ட் கம்பிகள், கம்பிக்கு சுமார் 4.2 ஆம்பியர்.

புதிய கனெக்டருக்கு வரம்பு 600 வாட். ஆறு கம்பிகள், கம்பிக்கு சுமார் 8.3 ஆம்பியர். பின்களோ பழையவற்றைவிடச் சிறியவை. ஒரு பின் தாங்கக்கூடியது 9 முதல் 9.5 ஆம்பியர். ஆக, தவறு நடந்தால் தாங்குவதற்கு இடைவெளி ரொம்பக் குறைவு.

ஒரு பின் சரியாகத் தொடவில்லை என்றால், அது விட்ட மின்னோட்டத்தை மற்ற பின்கள் சுமக்கும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். 8.3 ஆம்பியர் போக வேண்டிய இடத்தில் 20 போனால் வெப்பம் கிட்டத்தட்ட 6 மடங்கு.

சரி, கார்டுக்கு இது தெரியாதா? தெரியாது. முந்தைய ஆர்டிஎக்ஸ் 3090 டிஐ கார்டில் ஆறு கம்பிகளும் ஜோடி ஜோடியாகப் பிரிக்கப்பட்டு, மூன்று இடங்களில் அளக்கப்பட்டன. 4090-ல் ஆறும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. கார்டு மொத்தத்தை மட்டுமே பார்க்கிறது, எந்தக் கம்பி எவ்வளவு சுமக்கிறது என்று பார்ப்பதில்லை.

12வி-2எக்ஸ்6 என்று போட்டிருந்தால் போதுமா?

2023-ல் வந்த திருத்தம் இது. சிக்னல் பின்களைக் குட்டையாக்கினார்கள். கனெக்டர் பாதி வெளியே இருந்தால் கார்டு மின்சாரம் எடுக்காது. நல்ல மாற்றம்தான். ஆனால் மாறியது கார்டு பக்கத்து சாக்கெட், கேபிள் அல்ல. அந்தப் பெயருக்காக மட்டும் கேபிளுக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. கம்பிகளுக்கு இடையே சுமை சமமாகப் பிரியாத சிக்கலையும் இது தீர்க்கவில்லை.

அப்படின்னா எதை வாங்கலாம்?

• எஸ்எம்பிஎஸ் பெட்டியோடு வரும் 16 பின் கேபிள்தான் முதல் தேர்வு. 5090-க்கு என்விடியா பரிந்துரைப்பது 1000 வாட் எஸ்எம்பிஎஸ்.

• வேறு பிராண்டு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை மாட்டவே கூடாது. கார்டு பக்கம்தான் பொதுத் தரம் உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின்களின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சரியாகப் பொருந்தினாலும் கார்டு எரியலாம்.

• பழைய எஸ்எம்பிஎஸ் என்றால் கார்டோடு வரும் அடாப்டரைப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு 8 பின் முனைக்கும் தனிக் கேபிள் கொடுங்கள். ஒரே கேபிளில் இரண்டு தலை இருந்தால் ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள்.

• வளைந்த அடாப்டர்கள் வேண்டாம். கேபிள்மாட் நிறுவனத்தின் அடாப்டர்கள் சுமார் 25,300, 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டன. தளர்ந்தது, சூடானது, உருகியது என 272 புகார்கள் வந்திருந்தன.

• கனெக்டருக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே இடைவெளி தெரியாத அளவுக்கு அழுத்திச் செருகுங்கள். முதல் 3.5 சென்டிமீட்டர் வரை கேபிளை வளைக்காதீர்கள். பெட்டியின் கண்ணாடிக் கதவு கேபிளை அமுக்குகிறதா என்றும் பாருங்கள். இந்த கனெக்டர் 30 முறை கழற்றி மாட்டவே வடிவமைக்கப்பட்டது. சும்மா சும்மா கழற்றிப் பார்ப்பதும் நல்லதல்ல.

• கணினியை அசெம்பிள் செய்து தருபவரிடம் டிசி கிளாம்ப் மீட்டர் இருந்தால், கார்டு முழுச் சுமையில் ஓடும்போது ஆறு கம்பிகளையும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள். ஏசி மட்டும் அளக்கும் சாதாரண மீட்டர் இதற்கு உதவாது. அளவுகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும்.

உருகிவிட்டால் யார் பொறுப்பு?

'நீங்கள் சரியாகச் செருகவில்லை' என்ற பதில் வரலாம். அதனால் மாட்டிய அன்றே கனெக்டரை நெருக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். கார்டு, எஸ்எம்பிஎஸ், கேபிள் மூன்றின் பில்லும் பத்திரமாக இருக்கட்டும். ஏதாவது நடந்தால் நீங்களே சுரண்டிச் சரிசெய்ய முயல வேண்டாம், அப்படியே படம் எடுங்கள்.

2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளால் வரும் பாதிப்புக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்க வழி செய்கிறது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சென்னையில் வாங்கிய கார்டுக்கு ஆலுவாவில் வசிப்பவர் எறணாகுளம் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். காலக்கெடு 2 ஆண்டுகள். முதல் ஆலோசனைக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேபிளைச் சரியாகச் செருகுவது வாங்குபவரின் வேலைதான், மறுக்க முடியாது. ஆனால் ஒரு பின் தளர்ந்தாலே உருகும் அளவுக்கு இடைவெளியைக் குறைத்தது வாங்குபவர் அல்ல. சரியான கேபிள் ஆபத்தைக் குறைக்கும், முழுவதும் நீக்காது. கம்பிகளைத் தனித்தனியாகக் கண்காணிக்கும் கார்டுகள் வழக்கமாகும் வரை, அந்தப் படங்களும் பில்களும் உங்களிடம் இருப்பது நல்லது.