சொட்டு மருந்தை விற்கிறார்கள், கண்ணைப் பார்ப்பவர் யார்?

கண் சிவந்து, கூசி, நீர் வடிந்தால் நம் ஜனங்கள் முதலில் போகிற இடம் ஆஸ்பத்திரி அல்ல, மருந்துக்கடை. கடைக்காரர் விரல் நீளப் புட்டி ஒன்றை எடுத்து நீட்டுகிறார். டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்பதில்லை. சில பத்து ரூபாயோடு விஷயம் முடிகிறது. இரண்டு நாளில் சிவப்பும் மறைகிறது. மறுபடி சிவந்தால் அதே புட்டி, அதே கடை. அந்தப் புட்டியில் பல சமயம் இருப்பது ஸ்டீராய்டு.

ஸ்டீராய்டு விஷம் என்று கூச்சல் போடுகிறவர்களோடு நாம் சேரவில்லை. 1948-ல் அமெரிக்காவின் மேயோ ஆஸ்பத்திரியில் பிலிப் ஹெஞ்ச் என்ற டாக்டர் கார்ட்டிசோனை மூட்டுவாத நோயாளிக்குக் கொடுத்தார். முடங்கிக் கிடந்தவர் எழுந்து நடந்தார். 1950-ல் அவருக்கும், கெண்டால், ரைக்ஸ்டைன் என்ற விஞ்ஞானிகளுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வருஷங்களிலேயே கண் வைத்தியத்துக்கும் அது வந்துவிட்டது. கண்ணின் நடுப்படலம் வெந்து வீங்குகிற வியாதி ஒன்றுண்டு. டாக்டர்கள் அதை யூவியைட்டிஸ் என்பார்கள். அடக்காமல் விட்டால் கண்மணியைச் சுற்றியுள்ள திரை, பின்னால் இருக்கும் லென்சோடு ஒட்டிக்கொள்ளும்; கண் உள்ளுக்குள் கலங்கும்; பார்வை போகும். அதை விரைவில் தடுத்து நிறுத்த ஸ்டீராய்டு மிகவும் அவசியமான மருந்து. இலைச்சாறும் தாய்ப்பாலும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கண் போனதுதான் மிச்சம்.

ஆனால் இந்த மருந்துக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. கண்ணுக்குள் ஒரு நீர் சதா ஊறி, ஒரு மூலையில் சதா வடிந்துகொண்டே இருக்கிறது. ஸ்டீராய்டு அந்த வடிகாலை அடைக்கிறது. 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டிய அழுத்தம் ஏறுகிறது. ஏறி, பார்வை நரம்பை நசுக்குகிறது. வலி இல்லை, சிவப்பு இல்லை. பக்கத்துப் பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. நேரே இருப்பது தெரிகிற வரை யாரும் சந்தேகப்படுவதில்லை. தெரியாமல் போகும்போது நேரம் கடந்திருக்கும். புரை வந்தால் அறுத்து எடுக்கலாம். இந்த கிளாக்கோமாவில் செத்த நரம்பை உயிர்ப்பிக்க உலகத்தில் எந்த டாக்டராலும் முடியாது.

இது நேற்றுக் கண்டுபிடித்த விஷயமா? ஆர்மலியும் பெக்கரும் 1960-களிலேயே ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள்: சில வாரம் சொட்டு விட்டால், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அழுத்தம் ஓரளவு ஏறும், இருபதில் ஒருவருக்கு வெகுவாக ஏறும். ஸ்டீராய்டு மாத்திரையை நீண்டநாள் சாப்பிட்ட மூட்டுவாத நோயாளிகளுக்குப் புரை விழுவதை 1960-லேயே வைத்தியப் பத்திரிகை வெளியிட்டது. ஹெர்ப்பிஸ் கிருமியால் சிவந்த கண்ணில் இதை விட்டால், கிருமிக்குச் சோறு போட்டு வளர்ப்பதுதான், கருவிழி புண்ணாகிவிடும். அறுபது வருஷமாகத் தெரிந்த ஆபத்தைத் தடுக்காதிருந்தால் அதற்கு அலட்சியம் என்றுதான் பெயர்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1945-ம் வருஷத்து மருந்து விதிகளின் எச் அட்டவணைப்படி, டாக்டர் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக் கூடாது என்ற எச்சரிக்கை புட்டியின் மேலேயே இருக்க வேண்டும். இருக்கவும் இருக்கிறது, எறும்பு படிக்கிற அளவு எழுத்தில்! அதைப் பார்த்துக்கொண்டேதான் விற்கிறார்கள்; அதைப் பார்க்க வேண்டிய உத்தியோகஸ்தர்களோ பார்ப்பதில்லை.

இதில் நம் நெஞ்சைப் பிளப்பது குழந்தைகளின் கதை. வெயில் கொளுத்துகிற வறண்ட ஊர்களில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு, அதிலும் ஆண் பிள்ளைகளுக்கு, கண்ணில் ஓர் அலர்ஜி வருகிறது. பையன் நாளெல்லாம் கண்ணைக் கசக்குகிறான். வருஷா வருஷம் திரும்பி வந்து, பெரும்பாலும் வாலிபம் வரும்போது தானே அடங்கிவிடுகிற வியாதி இது. ஆனால் அரிப்பு அப்படி ஓர் அரிப்பு! ஸ்டீராய்டு சொட்டு விட்டதும் நிற்கிறது. தாய் என்ன செய்வாள்? தீர்ந்த புட்டியைக் காட்டி இன்னொன்று வாங்குகிறாள். இப்படியே மாதங்களும் வருஷங்களும் ஓடுகின்றன. வியாதி போய்விடுகிறது, மருந்து தந்த கிளாக்கோமா தங்கிவிடுகிறது. கரும்பலகை தெரியவில்லை என்று வாத்தியார் சொல்லித்தான் பல வீடுகளில் விஷயமே தெரிய வருகிறது. பிள்ளையைப் பார்வையிழப்பிலிருந்து காப்பாற்ற ஓடி ஓடி மருந்து வாங்கியவளே அவன் கண்ணைக் கெடுத்தவள் என்று ஊர் பேசுகிறது!

ஜனங்களின் அறியாமைதான் காரணம் என்று மேடையில் சொல்கிறார்கள். தினக்கூலிக்காரன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. பஸ் செலவு வேறு. வரச் சொன்ன தேதியில் மறுபடி போனால் இன்னொரு நாள் கூலியும் போச்சு. கடையில் பத்து நிமிஷம். அவன் கணக்குத் தெரியாமல் கடைக்குப் போகவில்லை. கணக்குப் போட்டுத்தான் போகிறான். அந்தக் கணக்கை மாற்றுவது சர்க்காரின் வேலை. உபதேசத்தால் அது மாறாது.

அழுத்தம் பார்ப்பது என்ன பெரிய வித்தையா? நார்வே டாக்டர் சியோட்ஸ் 1905-ல் செய்த கைக்கருவி ஒன்றே போதும், மின்சாரம்கூட வேண்டாம். சில நிமிஷ வேலை. இன்று அதைவிடத் துல்லியமான கருவிகள் எத்தனையோ வந்துவிட்டன. நம் நாட்டில் 1976-லேயே பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் தொடங்கியாயிற்று. ஆனால் புரை அறுவை எத்தனை என்று காட்டுவதிலேயே அதன் பெருமை தீர்ந்துவிடுகிறது. ஸ்டீராய்டு விட்டுக்கொண்டிருப்பவர்களின் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்?

யூவியைட்டிஸ் நீண்டுபோனவர்களின் பாடு தனி. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், முகம் ஊதும். பயந்து ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைக்க வேறு மருந்து வேண்டும். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடுகிற மெத்தோட்ரெக்சேட் அப்படி ஒன்று, விலை மலிவு. இதையும் இதைவிட விலை கூடிய மைக்கோபினலேட்டையும் இந்தியா உட்பட 5 நாடுகளின் 9 ஆஸ்பத்திரிகளில் 216 நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். மலிவு மருந்து எந்த விதத்திலும் சளைக்கவில்லை. இந்தச் செய்தியைக் கொட்டு முழக்கிச் சொல்ல எந்தக் கம்பெனி பிரதிநிதி டாக்டர் வீட்டுப் படியேறுவான்? ஆனால் மெத்தோட்ரெக்சேட்டும் விளையாட்டு மருந்தல்ல. தவறித் தினமும் விழுங்கினால் ஆளையே கொல்லும். கர்ப்பிணிகள் தொடவே கூடாது. ரத்தமும் ஈரலும் கெடுகின்றனவா என்று அடிக்கடிச் சோதிக்க வேண்டும். மாத்திரை மலிவுதான், சோதனைக்குத்தான் காசு வேண்டும். ஆகவே ஏழை மாத்திரையைச் சாப்பிட்டுச் சோதனையை விட்டுவிடுகிறான்.

இதற்கும் அடங்காத கண்ணுக்கு அடாலிமுமாப் என்ற ஊசி. இரண்டு வாரத்துக்கு ஒன்று. யூவியைட்டிஸுக்கு 2016-ல் அமெரிக்கா அனுமதித்தது. இதற்கு அடிப்படையான விஞ்ஞானத்தில் பெரும்பங்கு, பிரிட்டிஷ் ஜனங்களின் வரிப்பணத்தில் நடக்கும் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த கிரெக் வின்டருடையது. 2018-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் விற்பனை உரிமையை வைத்திருந்த அப்வீ கம்பெனி நூற்றுக்கும் மேற்பட்ட பேட்டண்டுகளை வேலியாகப் போட்டது. மூல பேட்டண்ட் 2016-ல் முடிந்தும், அமெரிக்காவில் போட்டி மருந்து கடைக்கு வந்தது 2023 ஜனவரியில்தான். 2022 ஒரு வருஷத்தில் மட்டும் விற்பனை 2,100 கோடி டாலருக்கு மேல்! இந்தியாவில் ஜைடஸ் காடிலா 2014-லேயே அமெரிக்க விலையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தது. அந்த ஐந்தில் ஒன்றும் கூலிக்காரனுக்கு மலைதான். அதோடு, உடலில் உறங்குகிற காசநோயை இந்த ஊசி எழுப்பிவிடும். காசம் நிறைந்த நம் நாட்டில் மார்புப் படமும் காசச் சோதனையும் இல்லாமல் இதைப் போடுவது நெருப்போடு விளையாடுவதாகும்.

நாம் கேட்பது இவைதான். ஸ்டீராய்டு சொட்டைச் சீட்டில்லாமல் விற்கிற கடையின் லைசென்சில் கை வைக்க வேண்டும். எச்சரிக்கையைக் கண்ணுக்குத் தெரிகிற அளவில் தமிழில் அச்சிட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் பரிசோதனை செய்கிற ஊழியரிடம் அழுத்தம் பார்க்கிற கருவி இருக்க வேண்டும். கண் கசக்குகிற பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலேயே தேடிப்பிடித்துச் சோதிக்க வேண்டும். மெத்தோட்ரெக்சேட்டைத் தருகிற சர்க்கார் ஆஸ்பத்திரி ரத்தச் சோதனையையும் அதே வாசலில் இலவசமாகத் தர வேண்டும். பழைய மருந்துக்குப் புதுச் சட்டை மாட்டிப் பேட்டண்ட் வாங்குவதைத் தடுக்கிற 3(டி) பிரிவை, எந்த வல்லரசு முறைத்தாலும், எந்த வியாபார ஒப்பந்தத்திலும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இன்று வீட்டில் அந்தப் புட்டி இருக்குமானால், அதன் பெயரைப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசொலோன், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால், புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு கண் டாக்டரிடம் போய் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். அவர் பார்க்காமல் அனுப்பினால், ஏன் என்று கேளுங்கள்.