தொரப்பாடி மதிலுக்கு வெளியே நாம்

வேலூர் தொரப்பாடியில் உள்ள மத்திய சிறையில் கைதிகள் போலீசாருக்கு பூட்ஸ் தைக்கிறார்கள். தோலும் தையலும் நம் பிழைப்பு. ஆனாலும் அந்த மதிலுக்குள் இருப்பவர்களைப் பற்றிப் பேசுவது நம் வேலையல்ல என்றே வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர்க்காரர்களாகிய நாம் இருந்துவிட்டோம்.

பேரறிவாளன் நம் ஜோலார்பேட்டைப் பிள்ளை. பெரியார் கொள்கையில் ஊறிய குடும்பம். 1991 ஜூன் 11 அன்று ராஜீவ் காந்தி கொலை வழக்கில் கைதானபோது வயது 19. இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள் வாங்கிக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. தடா சட்டப்படி எடுத்த வாக்குமூலம் முக்கியச் சான்று. எதற்கு அந்த பேட்டரி என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாக, வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன் 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். அதற்கு இரண்டாண்டு முன்பு, 2011 செப்டம்பர் 9 அன்று தூக்கு என்று நாள் குறித்திருந்தார்கள். இடம், நம் வேலூர்ச் சிறை.

அப்போது தமிழகமே கொந்தளித்தது. நம் ஊர்களிலும் தெருவில் இறங்கியவர்கள் உண்டு. உயர் நீதிமன்றம் தடை விதித்ததும் பெரும்பாலோர் அவரவர் வேலைக்குத் திரும்பினோம். பேரறிவாளனின் தாய் அற்புதம்மாள் திரும்பவில்லை. தூக்கு நின்றாலும் மகன் உள்ளேதான் இருக்கிறான் என்பதை அவர் மறக்கவில்லை. ஊர் சுமந்திருக்க வேண்டியதை ஒரு தாயின் தலையில் இறக்கி வைத்தோம்.

வழி தெரியாதவர்களா நாம்? பாலாற்றைக் கெடுத்த தோல் கழிவுக்கு எதிராக வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் பெற்ற தீர்ப்பை நாடே மேற்கோள் காட்டுகிறது. ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் குடிநீர் கேட்டோம், ரோடு கேட்டோம். அரசியல் சட்டத்தின் 161ஆவது பிரிவைப் பற்றிக் கேட்டோமா? மன்னிக்கும் அதிகாரம் ஆளுநர் பெயரில் இருந்தாலும் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே அவர் நடக்க வேண்டும் என்று மாரு ராம் வழக்கில் 1980லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, சிறைச் சாவி நாம் தேர்ந்தெடுத்தவர்கள் கையில் இருந்தது. பேரறிவாளன் உள்ளிட்ட, அந்த வழக்கின் கைதிகள் எழுவரை விடுவிக்க 2018 செப்டம்பரில் அமைச்சரவை பரிந்துரைத்தது. ஆளுநர் இரண்டாண்டுக்கு மேல் வைத்திருந்து குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். நம் பேச்சு அப்போதும் ஜிஎஸ்டியும் ஏற்றுமதி ஆர்டருமாகவே இருந்தது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்தின் 142ஆவது பிரிவு தரும் சிறப்பு அதிகாரத்தால் விடுவித்தபோது பேரறிவாளனுக்கு வயது 50. அன்று மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சிக்கு நாம் உழைக்கவில்லை.

“கொலை கேசு, நமக்கேன் வம்பு” என்ற அச்சம்தான் நம்மை அடக்கியது. ராஜீவ் கொல்லப்பட்ட ஸ்ரீபெரும்புதூரில் உயிரிழந்த அத்தனை பேரின் குடும்பத் துயரமும் மெய்யானது. அதை மதித்துக்கொண்டே பேரறிவாளனுக்குத் தண்டனை மன்னிப்பும் கேட்டிருக்கலாம்.

அதே அச்சம் இன்றும் விடவில்லை. அண்ணா பிறந்தநாளை ஒட்டி 700 ஆயுள் கைதிகளை விடுவிக்க 2021 நவம்பரில் வந்த அரசாணை, மதக் கலவர வழக்குகளிலும் பயங்கரவாத வழக்குகளிலும் தண்டனை பெற்றவர்களை ஒட்டுமொத்தமாக விலக்கியது. எத்தனை ஆண்டு உள்ளே இருந்தார், எப்படி நடந்துகொண்டார் என்று ஆளைப் பார்க்காமல் வழக்கைப் பார்த்துக் கதவடைப்பது நீதியல்ல. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இப்படி ஒட்டுமொத்தமாக விலக்குவதைக் கைவிடுவீர்களா என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள்; பதிலை எழுதி வாங்குங்கள்.