சிகரட்டை விட்டுப் புகையிலைக்கு: கடை மாறினால் கடன் தீருமா?

அண்மைக் காலமாக ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கலைக் கடைவீதிகளில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகின்றது. "சிகரட்ட விட்டுட்டேன் முதலாளி" என்று பெருமையோடு சொல்வார்கள். நாம் சந்தோஷப்படுவதற்குள் கன்னத்தில் ஒதுக்கிய புகையிலை கண்ணில் படும். தோட்டத் தொழிலாளர் மட்டுமல்ல, நமது கடைச் சிப்பந்திகளும் லொறிச் சாரதிகளும் ஏன், சில முதலாளிமாரும் இந்த வழியில் போகின்றார்கள்.

காரணம் தெரியாததல்ல. ஒரு சிகரட் நூறு ரூபாவைத் தாண்டிவிட்டது. வெற்றிலைக் கூறு அதைவிட மலிவு. மலைநாட்டுக் குளிருக்கு இதமாக இருக்கும், பசி தெரியாது, இரண்டு கையும் வேலையில் இருக்கும்போதும் மெல்லலாம். புகை இல்லாததால் வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் தொந்தரவில்லை. இந்தக் கடைசி நியாயத்தை நானும் ஒப்புக்கொள்கின்றேன். ஆனால் பழக்கம் விட்டுப் போனதா என்பதுதான் கேள்வி.

ஒரு கடையில் பட்ட கடனை அடைக்க இன்னொரு கடையில் கடன் வாங்குபவனை நாம் கடன் தீர்த்தவன் என்று சொல்வதில்லை. இதுவும் அப்படித்தான். சிகரட்டில் ஆளைப் பிடித்து வைத்திருப்பது நிக்கொட்டின். அதே நிக்கொட்டின் புகையிலையிலும் இருக்கின்றது. கூறில் தடவும் சுண்ணாம்பு, அது வாயின் மென்தோல் வழியாக இரத்தத்தில் கலப்பதை இன்னும் இலகுவாக்குகின்றது. போதாததற்குப் பாக்கும் தன் பங்குக்கு அடிமையாக்கும். ஒரு கயிறு இருந்த இடத்தில் இரண்டு கயிறு.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம், புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூறு புற்றுநோயை உண்டாக்கும் என்று 1985இலேயே கூறிவிட்டது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு ஆபத்தானது என்பதை 2004இல் உறுதி செய்தது. நமது நாட்டு ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். பாக்கு மெல்பவர் சிலருக்கு வாயின் உட்தோல் இறுகி, நாளடைவில் ஒரு கவளம் சோற்றுக்குக்கூட வாய் திறக்க முடியாமல் போகின்றது.

"சுவீடனில் புகையிலையை வாயில் வைத்துத்தானே சிகரட்டைக் குறைத்தார்கள்" என்று படித்த இளைஞர்கள் வாதிடுகின்றார்கள். அங்கே பாவிப்பது ஸ்னூஸ் என்ற வேறு பொருள். அதில் பாக்கும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. அதையும்கூட ஐரோப்பிய ஒன்றியம் 1992 முதல் தடை செய்திருக்கின்றது, சுவீடனுக்கு மாத்திரமே விலக்கு. அந்தக் கணக்கை நமது பாபுல் பக்கற்றுக்குப் பொருத்திப் பார்ப்பது தராசு மாறி நிறுப்பதாகும்.

இனி வியாபாரிகளாகிய நமது பக்கத்துக்கு வருவோம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருட்களை விற்கக் கூடாது என்கின்றது. அச்சட்டத்தின் கீழ் 2016 செப்டெம்பர் 1ஆம் திகதி வெளியான வர்த்தமானி, புகையற்ற புகையிலை உற்பத்திகளைத் தயாரிப்பதையும் இறக்குமதி செய்வதையும் விற்பதையும் தடை செய்தது. அப்படியிருந்தும் மேசைக்குக் கீழே பக்கற்றுகள் கைமாறுகின்றன. "நான் கொடுக்காவிட்டால் அடுத்த கடைக்காரன் கொடுப்பான்" என்பது பழைய சமாதானம். அடுத்த கடைக்காரனின் கணக்கை நாளை மறுமையில் நம்மிடம் கேட்கப் போவதில்லை. நமது கணக்கைத்தான் கேட்பார்கள்.

இலாபத்தை மட்டும் பார்ப்பவருக்கும் ஒன்று சொல்வேன். தோட்டப்புறக் கடைக்கு வாடிக்கையாளரின் ஆயுள்தான் முதல். அரிசி, மா, சீனி, பிள்ளைகளின் கொப்பி, பெருநாள் தீபாவளி உடுப்பு என்று முப்பது வருடம் வாங்க வேண்டிய மனிதர் நாற்பத்தைந்து வயதில் மஹரகம வைத்தியசாலைக்கு அலைந்தால், அந்தக் குடும்பமும் சரியும், கடன் கொப்பியும் சரியும். ஒரு பக்கற்றில் கிடைக்கும் சில ரூபா அந்த நட்டத்தை ஈடுசெய்யுமா?

ஆகவே, சிகரட்டை விட நினைப்பவருக்கு "இதை மென்று பார்" என்று யோசனை சொல்லாதிருப்போம். தடை செய்யப்பட்டதைத் தட்டிலிருந்து எடுத்துவிடுவோம். விட விரும்புபவருக்கு 1948 என்ற ஆலோசனை இலக்கத்தை எழுதிக் கொடுப்போம். நிக்கொட்டின் மருந்துகளைப் பற்றி வைத்தியரிடம் கேட்கச் சொல்வோம். அவை அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதற்கென்றே உள்ளவை, கூறுக்கு அப்படி ஒரு முடிவுத் திகதி கிடையாது. வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் தழும்போ, இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ இருந்தால் அரசாங்க வைத்தியசாலையின் பல் வைத்தியரிடம் உடனே காட்டச் சொல்வோம். ஆரம்பத்திலேயே கண்டால் காப்பாற்ற முடிந்த நோய் இது.

நோன்பு மாதத்தில் விடியலிலிருந்து மாலை வரை சிகரட்டும் புகையிலையும் இல்லாமல் இருக்க நம்மவர்களால் முடிகின்றது. பகல் முழுவதும் முடிந்தது இரவிலும் முடியும். விடுவதென்றால் இரண்டையும் விட வேண்டும். அதற்கு வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக.